கரகரக்கும் பழைய ஹெட்ஃபோன் ஆம்ப்: வாங்கிச் சரிசெய்யலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது 250 ஓம் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ. லேப்டாப்பில் நேராகச் செருகினால் சத்தம் போதவில்லை. ஒரு சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர்) செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது, இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது, அசல் அடாப்டர் தொலைந்துபோனதால் வீட்டில் கிடந்த 12 வோல்ட் அடாப்டர் ஒன்றைச் சேர்த்துத் தருவதாக விற்பவர் சொல்கிறார். இதை வாங்கிச் சரிசெய்யலாமா, புதிதே வாங்கிவிடலாமா என்பது கேள்வி. நீங்கள் கரகரப்பையும் இடது பக்கத்தையும் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அவை இரண்டும் பெரும்பாலும் சில்லறை வேலை. ஹெட்ஃபோனுக்கே ஆபத்து வரக்கூடிய இடம் அந்த அடாப்டர். அதனால் இந்தப் பதிலில் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், ஆம்ப் தேவையா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டிடி 990 ப்ரோ 250 ஓமுக்குத் தயாரிப்பாளர் தரும் உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 250 ஓமில் 1 மில்லிவாட் வர 0.5 வோல்ட் வேண்டும். சிறிய யுஎஸ்பி-சி டாங்கிள்கள் (ஹெட்ஃபோனை யுஎஸ்பி-சியில் மாட்ட உதவும் சிறு துண்டு) பல உச்சமாக 1 வோல்ட் தரும். அப்போது 4 மில்லிவாட், அதாவது 102 டெசிபல். பாட்டின் சராசரி உரப்பு உச்சத்தைவிடப் பத்துப் பதினைந்து டெசிபல் கீழே இருக்கும் என்பதால், இன்றைய அழுத்திப் பதிவுசெய்த பாடல்களுக்கு இதுவே போதும். மெல்லிய இடமும் முழங்கும் இடமும் வெகு தூரத்தில் இருக்கும் இசைக்கும், குறைந்த அளவில் பதிவான பழைய பாடல்களுக்கும் இது போதாது. உச்சங்களுக்கு 110 டெசிபல் வரை இடம் வைத்துக்கொள்வது வழக்கம். அதற்கு 25 மில்லிவாட், அதாவது 2.5 வோல்ட், 10 மில்லியாம்பியர் வேண்டும். லேப்டாப் ஜாக் பெரும்பாலும் தர முடியாத மின்னழுத்தம் இது. ஆகவே உங்களுக்கு ஆம்ப் தேவைப்படுவது நியாயம்தான். ஆனால் தேவை 25 மில்லிவாட். பெட்டியில் ‘1 வாட்’, ‘2 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதற்காகக் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டாம்.

அந்த வாட் கணக்கிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் 32 ஓமுக்கான எண். ‘32 ஓமில் 100 மில்லிவாட்’ என்றால் வெளிவரும் மின்னழுத்தம் சுமார் 1.8 வோல்ட். அதே 1.8 வோல்ட் உங்கள் 250 ஓமில் 13 மில்லிவாட்தான் தரும், உச்சம் 107 டெசிபல். மோசமில்லை, ஆனால் எழுதியிருந்த 100 அல்ல. அந்த 100 மில்லிவாட் எல்லை கரண்ட் தீர்ந்துபோனதால் வந்ததென்றால், 250 ஓமில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கலாம். எது என்பதை 32 ஓம் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 250 அல்லது 300 ஓமுக்குத் தனியாக எண் கொடுத்திருந்தால் அதை நம்புங்கள். கொடுக்கவில்லையென்றால் உள்ளே ஓடும் சப்ளையை, அதாவது ஆம்ப்பின் பாகங்களுக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தைப் பாருங்கள். யுஎஸ்பியின் 5 வோல்ட்டை உயர்த்தாமல் அப்படியே பயன்படுத்தும் ஆம்ப், கணக்குப்படியே 1.77 வோல்ட்டுக்கு மேல் தர முடியாது. நடைமுறையில் அதற்கும் கீழேதான். பிளஸ் 12, மைனஸ் 12 என்று இரட்டைச் சப்ளை உள்ளது உங்களுக்குத் தாராளம்.

கெயினையும், அதாவது உள்ளே வரும் மின்னழுத்தத்தை ஆம்ப் எத்தனை மடங்காக்குகிறது என்பதையும், விசாரித்துவிடுங்கள். லேப்டாப் 1 வோல்ட் தந்தால் உங்களுக்கு 2.5 மடங்கு போதும், 2 வோல்ட் தரும் டிஏசி (டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றும் கருவி) இருந்தால் ஒன்றேகால் மடங்கு போதும். மலிவான ஆம்ப்களில் பத்து மடங்கு கெயின் வைத்துவிடுகிறார்கள். கடையில் கேட்கும்போது ‘என்ன பவர்!’ என்று தோன்றும். வீட்டில் வால்யூம் குமிழை எட்டு மணி நிலைக்கு மேலே திருப்பவே முடியாது. மலிவான வால்யூம் ‘பாட்’டில் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறு ரெசிஸ்டர்) இடமும் வலமும் ஒத்துப்போகாமல் இருப்பது சரியாக அந்த அடிப்பகுதியில்தான். பலர் ‘ஒரு பக்கம் குறைவாகக் கேட்கிறது, ரிப்பேர்’ என்று கொண்டுவருவது இந்தக் குறையைத்தான். பாதிக்கு மேல் திருப்பும்போது இரு பக்கமும் சமமாகிவிட்டால் அது பழுதே கிடையாது. கெயினைக் குறைக்க வேண்டும், அல்லது சோர்ஸிலேயே (லேப்டாப் போல, பாட்டு வரும் கருவியில்) சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது ஆம்ப்பின் வெளியீட்டிலேயே உள்ள தடை, பற்றி ஒரு வார்த்தை. ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. உங்களுக்கு 31 ஓம் வரை பரவாயில்லை என்றாகிறது. அநேகமாக எல்லா ஆம்ப்பும் இதில் தேறிவிடும். நாளை 16 ஓம் இயர்ஃபோன் வாங்கினால்தான் 2 ஓமுக்குள் தேட வேண்டியிருக்கும். அளந்து பார்ப்பதும் எளிது. 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, எதுவும் செருகாமல் வெளியீட்டின் ஏசி (மாறுமின்சார) வோல்ட்டைப் பாருங்கள். பிறகு 33 ஓம் ரெசிஸ்டரை மாட்டிப் பாருங்கள். எத்தனை வோல்ட் குறைந்ததோ அதை, மாட்டியபின் வந்த வோல்ட்டால் வகுத்து 33ஆல் பெருக்கினால் விடை. 0.500 இருந்து 0.485 ஆனால் சுமார் 1 ஓம். 1,000 ஹெர்ட்ஸில் அளக்காதீர்கள். சாதாரண மல்டிமீட்டர்கள் பலவற்றின் ஏசி அளவீடு சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பகமாக இருக்காது.

இப்போது அடாப்டர். மேசை ஆம்ப்களில் பல, டிசி (நேர்மின்சார) அடாப்டரில் ஓடுவதில்லை. ஷீட் மேக்னி, ஜேடிஎஸ் ஆட்டம் போன்றவற்றுக்கு வருவது ஏசி அடாப்டர். வெளிப்பார்வைக்கு அதே கருப்புப் பெட்டி, அதே உருளை முனைதான். உள்ளே இருப்பது வெறும் டிரான்ஸ்பார்மர். அதிலிருந்து வரும் ஏசியின் மேல் பாதியை ஒரு டயோட் பிளஸ் சப்ளையாகவும், கீழ்ப் பாதியை இன்னொரு டயோட் மைனஸ் சப்ளையாகவும் பிரிக்கும். இந்த ஆம்ப்பில் 12 வோல்ட் டிசி அடாப்டரைச் செருகினால் ஒரு சப்ளை மட்டும் வரும், மற்றது வராது. சில ஆம்ப்கள் அப்போது வெறுமனே ஊமையாக இருக்கும். பாதுகாப்புச் சுற்று இல்லாதவற்றில் வெளியீடு ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டு, ஹெட்ஃபோனுக்கு நேர்மின்சாரத்தைத் தள்ளும். 10 வோல்ட் அப்படி நின்றால் 250 ஓமில் 0.4 வாட். டிடி 990 ப்ரோவின் தாங்குதிறன் 0.1 வாட். சத்தமே வராது, சுருள் மட்டும் சூடாகிக்கொண்டிருக்கும். தலைகீழ் தவறும் உண்டு. டிசி கேட்கும் ஆம்ப்புக்கு ஏசி கொடுத்தால், முன்னால் காப்பு டயோட் இல்லாத பட்சத்தில் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள் வீங்கி வெடிக்கும்.

ஆகையால் ஆம்ப்பின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். ஒற்றை அலைக்கோடு போட்டிருந்தால் ஏசி. ஒரு நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் டிசி. டிசி என்றால் நடு முனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று காட்டும் சிறு வட்டப் படமும் இருக்கும், அதுவும் அடாப்டரோடு பொருந்த வேண்டும். வோல்ட் எண் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் எண் அடாப்டரில் கூடுதலாக இருந்தால் தவறில்லை, குறைவாக இருக்கக் கூடாது. ஆம்ப்பில் எதுவும் அச்சிடவில்லை, கையேடும் கிடைக்கவில்லையென்றால், அந்த அடாப்டரோடு ஆன் செய்து காட்டச் சொல்லாதீர்கள். ஒருவேளை விற்பவர் இந்தத் தவறான அடாப்டரில் போட்டுப் பார்த்துத்தான் ‘இடது பக்கம் சரியில்லை’ என்கிறாரோ என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. போர்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முதலில் விலக்க வேண்டிய காரணம் அது.

சரியான அடாப்டர் கிடைத்தபிறகு, ஹெட்ஃபோனைச் செருகுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒரே ஒரு அளவீடு. ஒரு ஸ்டீரியோ பின்னில் மூன்று வயர்களைப் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய நீட்டிப்புக் கேபிளை வெட்டியும் செய்யலாம். சோர்ஸைக் கழற்றி, வால்யூமைக் குறைத்து, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைப் பின்னின் அடிப்பகுதிக்கும் சிவப்பு முனையை நுனிக்கும் வைத்தால் இடது பக்கம். நடு வளையத்துக்கு வைத்தால் வலது. ஆன் செய்யும் நொடியில் முள் எவ்வளவு துள்ளுகிறது என்பதையும் கவனியுங்கள். அரை நிமிடத்துக்குப் பிறகு 20 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் நல்ல ஆம்ப். 50ஐத் தாண்டினால் ஏதோ சரியில்லை. வோல்ட் கணக்கில் வந்தால் ஹெட்ஃபோனை அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். இந்த 20, 50 என்பவை ரிப்பேர் மேசையின் வழக்க எண்கள், இயற்பியல் விதி கிடையாது. 100 மில்லிவோல்ட் உங்கள் ஹெட்ஃபோனைச் சுடாது. ஆனால் 10 மில்லிவோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 100 இருக்கிறது என்றால், உள்ளே எதோ ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரு பக்கமும் ஒரே அளவாகத் தவறுகிறதா, ஒரு பக்கம் மட்டுமா என்பதையும் குறித்துவையுங்கள். பிறகு உதவும்.

அடுத்து இடது பக்கத்துக்கு வருவோம். திறப்பதற்கு முன் சோர்ஸ் கேபிளின் இடதையும் வலதையும் ஆம்ப்பின் பின்னால் மாற்றிச் செருகுங்கள். குறை வலப்பக்கம் தாவினால் ஆம்ப்பில் பழுதில்லை, கேபிளோ லேப்டாப்போதான். தாவாமல் இடதிலேயே நின்றால், போனாலும் கவலைப்படாத ஒரு பழைய இயர்ஃபோனைச் செருகி, பின்னை மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சத்தம் வந்து வந்து போனால் ஜாக். பின்னை அசைக்கும்போது எதுவும் ஆகாமல் குமிழைத் தொடும்போது மட்டும் போனால் வால்யூம் பாட். இரண்டுக்கும் அசையாமல், ஆன் செய்ததும் மெலிதாக இருந்து, சத்தத்தைக் கூட்டினால் திடீரென்று முழுதாக வந்துவிட்டால் ரிலே (ஹெட்ஃபோனை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த ஸ்விட்ச்). மலிவு ஆம்ப் எல்லாவற்றிலும் ரிலே இருக்காது. ஆன் செய்தபின் சில நொடி கழித்து ‘டக்’ என்ற ஒலி வந்தால் இருக்கிறது. அதன் மூடி கழற்ற வருமானால், ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைத் தொடுமுனைகளுக்கு நடுவே விட்டு இழுத்தால் போதும். உப்புக்காகிதம் போட்டால் பூச்சு போய் சில மாதத்தில் மறுபடி வரும். மூடிய ரிலே என்றால் மாற்றத்தான் வேண்டும்.

இவற்றில் அடிக்கடி வருவது ஜாக். மலிவு ஆம்ப்களில் ஜாக்கை முன்பலகையோடு நட்டு போட்டு இறுக்குவதில்லை, போர்டில் மட்டும் பற்றவைத்து விடுகிறார்கள். ஒவ்வொரு முறை பின்னைச் செருகும்போதும் உருவும்போதும், கேபிள் இழுபடும்போதும், அந்த இழுப்பு முழுவதும் நாலைந்து ஈயப் புள்ளிகளில்தான் விழும். போர்டை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். நல்ல பற்று ஜாக்கின் உலோகக் காலான பின்னின் மேல் குழிவாக ஏறி, பின்னோடு ஒன்றாகப் பளபளக்கும். ஈயமில்லாத சால்டர் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், அந்த மங்கலைப் பழுதென்று எண்ணிவிட வேண்டாம். விட்டுப்போன பற்றில் பின்னைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு கருப்பு வளையம் தெரியும். பின்னை மேலிருந்து லேசாக அழுத்தினால் அந்த வளையம் மட்டும் திறந்து மூடும், சுற்றியுள்ள ஈயம் அசையாது. அதுதான் உங்கள் ‘விட்டு விட்டு வரும்’ இடது பக்கம்.

அதைச் சரிசெய்ய வெறும் சால்டரிங் அயர்னை வைத்துச் சூடாக்கினால் மட்டும் போதாது. பழைய ஈயத்தில் ஆக்சைடு ஏறியிருக்கும், மீண்டும் விடும். கொஞ்சம் ஃப்ளக்ஸ் (ஆக்சைடை நீக்கும் பசை) வைத்து, அயர்ன் நுனியைப் பின்னும் செம்புத்தடமும் சேருமிடத்தில் வைத்து, புதிய ஈயத்தை ஊட்டி, உறிஞ்சு நாடாவால் பழையதை எடுத்துவிட்டு, மறுபடி புதிதாகப் பற்றவையுங்கள். 63க்கு 37 வெள்ளீய–ஈயக் கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும், கைப்பழக்கத்துக்கு அதுதான் எளிது. ஈயமில்லாதது 217 டிகிரி வாக்கில்தான் உருகத் தொடங்கும். இரண்டுக்கும் அயர்னை 350 டிகிரியில் வைத்தால் சாதாரணப் புள்ளி இரண்டு மூன்று நொடியில் முடியும். கிரவுண்ட் புள்ளி மட்டும் அடம்பிடிக்கும், ஏனென்றால் பெரிய செம்புப் பரப்பு சூட்டை இழுத்துக்கொள்ளும். அங்கே வெப்பத்தை ஏற்றுவதைவிடத் தடித்த நுனியைப் போடுவது மேல். மெல்லிய நுனியை நீண்ட நேரம் அழுத்திக்கொண்டிருந்தால் செம்புத்தடம் போர்டிலிருந்து உரிந்துவிடும். உரிந்தால் பயப்பட வேண்டாம். தடம் எங்கே போகிறதென்று பார்த்து அடுத்த புள்ளிக்கு ஒரு மெல்லிய வயர் போட்டுவிடலாம். பற்றுகள் எல்லாம் நன்றாக இருந்தும் குறை இருந்தால் ஜாக்கினுள்ளே ஸ்பிரிங் தகடு தளர்ந்திருக்கிறது. புதிய ஜாக் வாங்கும் முன் பின்களின் இடைவெளியை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், துளைகளில் உட்காராது.

கரகரப்பு என்பது வால்யூம் பாட்டினுள் கார்பன் தடத்தில் படிந்த அழுக்காக இருக்கலாம், பாட்டின் மேல் டிசி ஏறியிருப்பதாலும் இருக்கலாம். முதலாவதற்குக் கான்டாக்ட் கிளீனர் போதும். பவரை எடுத்துவிட்டு, பாட்டின் கால்கள் வெளிவரும் இடைவெளியில் ஒரே ஒரு சிறு பீச்சு, பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முப்பது முறை திருப்பல், கால் மணி நேரம் உலரவிடல். மின்பாகங்களுக்கென்றே விற்கும் கிளீனராக இருக்கட்டும். துருநீக்கும் பொது எண்ணெய் ஸ்பிரே போட்டால் அன்றைக்குச் சரியாகி, தூசியைப் பிடித்துக்கொண்டு முன்னைவிட மோசமாகத் திரும்பும். கிளீனர் போட்டும் போகாத கரகரப்பை ‘பாட் தேய்ந்துவிட்டது’ என்று முடிவுகட்டி உடனே மாற்றிவிடாதீர்கள். சோர்ஸைக் கழற்றிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். கரகரப்பு நின்றுவிட்டால், சோர்ஸிலிருந்து டிசி கசிகிறது. நிற்கவில்லையென்றால் பாட்டின் நடுக்காலில் டிசி அளவிடுங்கள். என்இ5532 போன்ற ஆப்-ஆம்ப் (மின்னலையைப் பெருக்கும் சிறு ஐசி) உள்ளீட்டில் சுமார் 200 நானோஆம்பியர் ஓடும். 10 கிலோஓம் பாட்டில் அதனால் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் வருவது இயல்பே. பத்து, ஐம்பது என்று வந்தால் இடையிலுள்ள கப்பாசிட்டர் கசிகிறது, அல்லது ஐசியின் உள்ளீடு பழுது. அப்போது புதிய பாட் போட்டாலும் முதல் நாளே கரகரக்கும். உண்மையாகவே தேய்ந்திருந்தால் அதே ஓம் அளவில், இரட்டைத் தடம் உள்ள, லாக் வகை (காதுக்கேற்றபடி சத்தம் படிப்படியாக ஏறுவது) போடுங்கள். முதுகில் ‘ஏ’ எழுத்துடன் வருவது பெரும்பாலும் லாக், ‘பி’ எழுத்து லீனியர். பி வகையைப் போட்டுவிட்டால் குமிழைக் கொஞ்சம் திறந்ததுமே சத்தம் பாய்ந்துவிடும்.

நீங்கள் சொல்லாத ஒன்று இரைச்சல். வாங்கும்போது கேட்டுப் பாருங்கள். ‘உம்ம்’ என்ற அடிநாதம் சோர்ஸைக் கழற்றியதும் நின்றால் அது கிரவுண்ட் லூப் (இரு கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் வளையமாகிவிடுவது). ஆம்ப்பைத் திறக்க வேண்டாம், லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கழற்றியபிறகும் தொடர்ந்தால் சப்ளை கப்பாசிட்டர்கள். தலை உப்பியிருந்தால் தெரிந்துவிடும், உப்பாமலும் சாகும். 105 டிகிரி, 2,000 மணி என்று அச்சிட்ட கப்பாசிட்டர் 65 டிகிரியில் ஓடினால் சுமார் 32,000 மணி தாங்கும் என்பது கணக்கு, ஏனென்றால் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிக்கும். ரெகுலேட்டரின் (சப்ளை மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் பாகம்) ஹீட்சிங்க்கை ஒட்டி நட்டிருக்கும் கப்பாசிட்டர் முதலில் போவது இதனால்தான். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ கூடுதலோ, 105 டிகிரி வகை. கோடு போட்ட பக்கம் மைனஸ். ஒற்றைச் சப்ளை ஆம்ப்களில் வெளியீட்டிலும் ஒரு பெரிய கப்பாசிட்டர் இருக்கும். அது காய்ந்தால் அந்தப் பக்கம் பாட்டின் தாழ்ந்த ஒலிகள் (பேஸ்) மட்டும் மெலியும். 220 மைக்ரோஃபாரட் 250 ஓம் ஹெட்ஃபோனுக்குத் தாராளம். 32 ஓமுக்கு அது 23 ஹெர்ட்ஸிலேயே வெட்டத் தொடங்கும், 470 போடுவது நல்லது.

சப்ளையை அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 7812, 7912 என்று இரு ரெகுலேட்டர்கள் அருகருகே ஒரே உருவத்தில் நிற்கும், கால்வரிசை வேறு. எழுத்து உங்களைப் பார்க்கப் பிடித்தால், இடமிருந்து 7812க்கு உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. 7912க்கு கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. முதுகுத் தகடும் 7812இல் கிரவுண்ட், 7912இல் உள்ளீடு. இரண்டையும் ஒரே ஹீட்சிங்க்கில் காப்புத்தாள் இல்லாமல் திருகினால் ஷார்ட். இரண்டு வெளியீடும் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட்டில் ஐந்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒன்று குறைந்தால் அதன் உள்ளீட்டைப் பாருங்கள். அங்கே 14 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் வெளியே 12 வரவில்லையென்றால் ரெகுலேட்டர் போயிருக்கலாம், அல்லது பின்னால் எதோ ஷார்ட் ஆகி இழுக்கலாம். தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இழுக்கும்போது ரெகுலேட்டர் கொதிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இடது பக்கம் ஊமை என்றால்தான் ஐசியைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போது சர்க்யூட் படம் இல்லையே என்று தளர வேண்டாம். ஸ்டீரியோ ஆம்ப்பில் நன்றாக ஓடும் வலது பக்கமே உங்களுக்குப் படம். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, பாட்டின் உள்ளீடு, நடுக்கால், ஐசியின் வெளியீடு என்று ஒவ்வொரு இடமாக வலதையும் இடதையும் மாறி மாறி அளந்துகொண்டே போங்கள். எங்கே எண்கள் பிரிகின்றனவோ, அதற்குச் சற்று முன்னால்தான் பழுது. எட்டுக்கால் இரட்டை ஆப்-ஆம்ப் என்றால் கால் 4 மைனஸ் சப்ளை, 8 பிளஸ் சப்ளை, 1ம் 7ம் வெளியீடுகள். 2ம் 3ம் ஒரு ஜோடி உள்ளீடு, 5ம் 6ம் மற்றொன்று. நல்ல ஐசியில் ஒரு ஜோடி உள்ளீட்டுக் கால்களுக்கிடையே சில மில்லிவோல்ட்தான் வித்தியாசம் இருக்கும். ஜோடியில் பெரிய வித்தியாசமும் வெளியீடு 10 வோல்ட் பக்கம் ஒட்டியும் இருந்தால், ஐசி செத்திருக்கலாம் அல்லது பின்னூட்ட ரெசிஸ்டர் (வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் ரெசிஸ்டர்) விட்டிருக்கலாம். ரெசிஸ்டரை முதலில் அளந்துவிடுங்கள், மலிவு அதுதான். அளக்கும்போது மல்டிமீட்டர் முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் நல்ல ஐசியும் போய்விடும். இயன்றவரை ரெசிஸ்டரின் காலில் அளவிடுங்கள்.

‘எப்படியும் திறக்கிறோம், அப்படியே நல்ல ஆப்-ஆம்ப் போட்டுவிடலாமே’ என்று பலர் சொல்வார்கள். மாற்றினால் ஒலி உயர்ந்துவிடும் என்பது சந்தேகத்துக்குரியது. ஒழுங்காக வடிவமைத்த சர்க்யூட்டில் என்இ5532க்கும் அதைவிடப் பல மடங்கு விலையுள்ளதற்கும் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வது மிகக் கடினம். கெடுதல் நேரலாம் என்பது மட்டும் உறுதி. வேகமான ஐசியை அதற்கு அமைக்காத சாக்கெட்டில் போட்டால் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் தானாக ஊசலாடும். சத்தம் சாதாரணமாகவே இருக்கும், ஐசி மட்டும் விரல் வைக்க முடியாதபடி சுடும். விலை உயர்ந்த ஆப்-ஆம்ப்களில் போலிகளும் அதிகம். பழுது பார்க்கும்போது அதே எண்ணைப் போடுங்கள்.

விட்டுவிட வேண்டியவையும் உண்டு. மின்சார இணைப்பு நேராகப் பெட்டிக்குள் போகும் ஆம்ப்பில் ஸ்விட்ச்சிங் சப்ளை இருந்தால், 230 வோல்ட் இணைப்பில் அதன் கப்பாசிட்டர் 320 வோல்ட் வரை பிடித்துவைத்திருக்கும். கம்பியை உருவியபிறகும் அடிக்கும். வால்வு ஆம்ப்பிலும் அந்த அளவுக்கு இருக்கலாம். பழக்கமில்லாதவர் திறக்கக் கூடாது. பேட்டரி ஆம்ப்பில் லித்தியம் செல் உப்பியிருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். டிபிஏ6120 போன்ற, அடிவயிற்றையே போர்டில் பற்றவைத்திருக்கும் ஐசி செத்திருந்தால் சாதாரண அயர்னால் எடுக்க முடியாது, ஹாட் ஏர் வேண்டும். புதியவருக்கு அந்த வேலை வேண்டாம்.

ஆகவே நீங்கள் பார்க்கும் ஆம்ப்பில் வெளி அடாப்டர், கைக்கு அடங்கும் அளவில் பாகங்கள், அச்சிட்ட சப்ளை விவரம் மூன்றும் இருந்து, வெளியீட்டு டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் வாங்குங்கள். சரியான அடாப்டரின் விலையை ஆம்ப்பின் விலையோடு கூட்டிப் பார்த்து, அது புதியதன் விலையில் பாதிக்குள் அடங்கினால் மட்டும். அந்தப் பாதி என் கணிப்பு, உங்கள் கைப்பழக்கத்தைப் பொறுத்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். 2011இல் சர்க்யூட்டையே பொதுவில் வெளியிட்ட ஓ2 வகை ஆம்ப்பாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு புள்ளியிலும் என்ன அளவு வர வேண்டும் என்பதை அந்தப் படத்தை வைத்துக் கணக்கிட்டுவிடலாம், பாகங்களும் சாதாரணமாகக் கிடைப்பவை.

பழுது பார்த்து முடித்ததும் உடனே டிடி 990ஐ மாட்டாதீர்கள். இரு பக்கமும் 220 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் போட்டு, வெளியீடு 2.5 வோல்ட் வரும் அளவில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சூடானபிறகு ஒலியை நிறுத்தி டிசியை மறுபடி அளவிடுங்கள். குளிர்ந்திருக்கும்போது 8 மில்லிவோல்ட் காட்டியது சூட்டில் 60 ஆகியிருந்தால் ஐசியிலோ கப்பாசிட்டரிலோ வேலை மீதி இருக்கிறது. அசையாமல் நின்றால் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ஹெட்ஃபோனைச் செருகுங்கள். ரிலே இல்லாத ஆம்ப் என்றால், இனி எப்போதும் முதலில் ஆம்ப்பை ஆன் செய்து பத்து நொடி கழித்து ஹெட்ஃபோனைச் செருகுவதும், ஆஃப் செய்யும் முன் உருவிவிடுவதும் பழக்கமாகட்டும்.